சொகுசு காரின் பின் கண்ணாடி உடைந்தால்... ஜி.பி. ரோடு டு புதுப்பேட்டை ஒரு தேடல்!

சென்னை அண்ணா சாலையில், எல்.ஐ.சி. கட்டடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ராயப்பேட்டை பக்கமாகப் பிரிகிறது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். 'ஜி.பி. ரோடு' என்று சொல்லுங்கள், மீட்டர் போடாமலே கிளம்பிவிடுவார்.

சாலை முழுக்க கார்தான். ஆனால், முழு கார் எதுவும் விற்பனைக்கு இல்லை. ஒரு கடையில் சீட் கவர், பக்கத்துக் கடையில் ஹாரன், அதற்கடுத்த கடை வாசலில் அலாய் வீல்களை அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடைபாதையில் நின்றபடியே ஒருவர் மியூசிக் சிஸ்டத்தை மாட்ட, இன்னொருவர் டயருக்கு அடியில் படுத்திருக்கிறார். அவர் கால் மட்டும் ரோட்டில் தெரியும். பார்த்து நடக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கும் வண்டிக்குமான உறவு பழசு. அண்ணா சாலை மவுன்ட் ரோடாக இருந்த காலத்தில், 1840-ல் இங்கே தொழில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டியது. அதே நிறுவனத்தில்தான் 1903-ல் நீராவியில் ஓடும் கார் ஒன்றும் உருவானது. குதிரை போய் நீராவி வந்து, அதுவும் போய் பெட்ரோல் வந்து, இப்போது பேட்டரி கார் வந்துவிட்டது. உதிரி பாகம் தேடி வருகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

ஐப்பசி மாதத்தின் ஒரு காலை நேரம், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தபோது வந்து நின்றது வெள்ளை நிற பி.எம்.டபிள்யூ எக்ஸ் ஃபைவ். இடதுபக்கம், பின் கதவுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருக்க வேண்டிய கண்ணாடியைக் காணோம். அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட், சுற்றிலும் டேப். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் உரிமையாளர் அல்ல, டிரைவர்.

நடந்தது இதுதான். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். புல்லுக்குள் கிடந்த சின்னக் கல் ஒன்று பிளேடில் பட்டுத் தெறித்தது. 'பொல்' என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டு நிற்கவில்லை, மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகக் கொட்டிவிட்டது. 'அவர் சம்பளத்தில் பிடித்துவிடலாம்' என்று சொல்லிவிட்டார் சங்கத்தின் செக்ரட்டரி. தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை. ஊரில் இல்லாத கார் உரிமையாளரோ, 'முதலில் விலை விசாரி' என்று போனில் சொல்லியிருக்கிறார். ஷோரூமில் விசாரித்ததில் கண்ணாடியும் அதைச் சுற்றிய பீடிங்கும் ஒரே பீஸ், ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும், தொகை ஐந்து இலக்கம் என்று தெரிந்தது. பெரியவர் எத்தனை மாதம் புல் வெட்டினால் அது அடையும் என்று கணக்குப் போட டிரைவருக்கு மனசு வரவில்லை. வண்டியை ஜி.பி. ரோட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அவ்வளவு சின்னக் கல்லுக்கு அவ்வளவு பெரிய கண்ணாடி எப்படி முழுசாகக் கொட்டும்? அது அதன் பிறவிக் குணம். காரின் முன்பக்கக் கண்ணாடி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலை போல விரியும், ஆனால் உதிராது. பக்கவாட்டிலும் பின்னாலும் பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றைப் பீய்ச்சிக் குளிர வைப்பார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிட, உள்ளே இருப்பது மெதுவாகக் குளிர்ந்து சுருங்கி அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுவிசைதான் பலம். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு தாங்கும். எங்காவது ஓர் இடத்தில் அந்தப் பிடி விட்டால் மொத்தமும் விட்டுப்போகும். கத்தி போன்ற சில்லாக இல்லாமல் மழுங்கிய துண்டுகளாக உதிர்வதால், உள்ளே குழந்தை உட்கார்ந்திருந்தாலும் பெரிய காயம் படாமல் தப்ப வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. டெம்பர் செய்த பிறகு கண்ணாடியை அறுக்க முடியாது, துளை போட முடியாது. வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்து வெட்டுவது போல இதை வெட்டித் தர எந்தக் கடைக்காரராலும் ஆகாது. முன்கண்ணாடியில் விழும் சின்னப் பொத்தலைப் பசை ஊற்றிச் சரிசெய்வது போன்ற வைத்தியமும் இதற்குக் கிடையாது. அந்த மாடலுக்கு, அந்தப் பக்கத்துக்கு என்றே பிறந்த கண்ணாடியைத் தேடித்தான் ஆக வேண்டும்.

"எந்த வண்டிண்ணே?"

"எக்ஸ் ஃபைவ்."

"எந்த எக்ஸ் ஃபைவ்? அதுல நாலு இருக்கு."

கடைக்காரப் பையன் சொல்வது சரிதான். 1999-ல் வந்த முதல் எக்ஸ் ஃபைவ் இ53. அடுத்தது இ70. 2013-ல் எஃப்15, 2018-ல் ஜி05. வெளியே எழுதியிருக்கும் பெயர் ஒன்றுதான், கண்ணாடியின் வளைவு ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து-எண் கொண்ட சேஸிஸ் நம்பரில் கடைசி ஏழைச் சொன்னால் போதும், எந்த வண்டி, என்ன பார்ட் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். டிரைவரின் போனில் ஆர்.சி. இருந்தது. ஜி05.

"லெஃப்ட்டா, ரைட்டா? சீட்ல உக்காந்த மாதிரி நெனச்சு சொல்லுங்க. வண்டிக்கு எதிர்ல நின்னு பாத்துட்டு சொன்னா மாறிப்போயிடும்."

இப்படி மாறிப்போய்த் திரும்பி வந்த கண்ணாடிகள் கடையில் தனியாக ஒரு மூலையில் நிற்கின்றன. அந்த மூலையைப் பார்த்தாலே கேள்வியின் அவசியம் புரிந்துவிடும்.

ஸ்விஃப்ட், இன்னோவா, கிரெட்டா என்றால் கடைகளில் ஸ்டாக் இருக்கும். எக்ஸ் ஃபைவின் பின்பக்க குவார்ட்டர் கிளாஸை யார் வாங்கி அடுக்கி வைப்பார்கள்? நான்கு கடை ஏறி இறங்கியாயிற்று. நான்கிலும் ஒரே பதில்: "புதுப்பேட்டைல பாருங்கண்ணே."

வேடிக்கை என்னவென்றால், இந்த எக்ஸ் ஃபைவ் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது இல்லை. செங்கல்பட்டு போகிற வழியில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்டது. கண்ணாடிக்கும் சென்னை அந்நியம் இல்லை. பிரான்ஸில் 1665-ல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் தொடங்கிய செயின்ட் கோபைன் நிறுவனம், ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டிலிருந்து கண்ணாடி தயாரிக்கிறது. உருக்கிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை, இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்தது 1959-ல். நம் எல்.ஐ.சி. கட்டடம் திறந்ததும் அதே ஆண்டுதான். இவ்வளவு கண்ணாடிச் சங்கதிகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு துண்டுக் கண்ணாடிக்காகச் சிந்தாதிரிப்பேட்டை நெரிசலில் நீந்திக்கொண்டிருந்தார் டிரைவர்.

கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. வெளியூர்க்காரர்களுக்கு 2006-ல் வந்த தனுஷ் படத்தால் தெரிந்த பெயர். சென்னைவாசிகளுக்கு அதற்கு முன்பிருந்தே தெரியும். காலையில் காரை நிறுத்திவிட்டுப் போனால் மாலையில் பார்ட் பார்ட்டாக விலைக்கு வாங்கலாம் என்று இந்த ஏரியாவைப் பற்றி ஜோக் அடிக்காத ஆள் குறைவு. நேரில் பார்த்தால் அந்த ஜோக் கொஞ்சம் அநியாயமாகத்தான் படும். கிரீஸ் படிந்த கையோடு ஒரு பெரியவர் கியர் பாக்ஸைப் பிரிக்கும் நிதானத்தைப் பார்த்தால், கல்யாண வீட்டில் வாழைக்காய் சீவுகிற சமையல்காரர் ஞாபகம் வரும். சுவரில் சட்டை மாதிரி கதவுகள் தொங்குகின்றன. பம்பர்கள் மாடி வரை ஏறியிருக்கின்றன. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் எஞ்சின் மேல் ஏறித்தான் வழிவிட வேண்டும்.

சொகுசு காரின் பாகங்கள் இங்கே எப்படி வருகின்றன? விபத்தில் நொறுங்கியவை ஒரு பக்கம். வெள்ளத்தில் மூழ்கியவை இன்னொரு பக்கம். 2015 டிசம்பரையும், 2023 மிக்ஜாம் புயலையும் சென்னை மறக்காது. முழுகிய கார்களில் சரிசெய்வது கட்டுப்படியாகாதவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் கழித்துக்கட்டும். எஞ்சின் போயிருக்கும், வயரிங் போயிருக்கும், சீட் நாறியிருக்கும். கண்ணாடிக்கு மட்டும் ஒன்றும் ஆகியிருக்காது. தண்ணீரால் அதை என்ன செய்துவிட முடியும்?

மூன்றாவது சந்தில் ஒரு பாய் கடையில் கிடைத்தது, ஜி05-ன் இடது குவார்ட்டர் கிளாஸ். பீடிங்கோடு, ஓரத்தில் பழைய கறுப்புப் பசை ஒட்டியபடி.

"ஒரிஜினல் தான பாய்?"

"மூலையில பாருங்க தம்பி. நான் சொல்லி என்ன, அதுவே சொல்லும்."

உண்மைதான். எந்தக் கார் கண்ணாடியின் மூலையிலும் ஒரு சின்ன முத்திரை இருக்கும். தயாரித்த நிறுவனத்தின் பெயர், ஐரோப்பியத் தரத்துக்கு வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஒரு எண்ணும், இந்தியத் தரம் என்றால் ஐ.எஸ். 2553. பல கண்ணாடிகளில் ஆண்டைக் குறிக்கும் ஒற்றை எண்ணும், மாதத்தைச் சொல்லும் புள்ளிகளும்கூட இருக்கும். வண்டியில் இருக்கும் மற்ற கண்ணாடிகளின் முத்திரையோடு ஒப்பிட்டால் ஜோடி சேருமா என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஓரம். பாய் ஒரு துணியால் துடைத்துக் கொடுக்க, விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பார்த்தார் டிரைவர். டெம்பர்டு கண்ணாடியின் பலவீனமே விளிம்புதான். கழற்றும்போது அங்கே கத்தி பட்டுச் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தாலும், பின்னால் ஒருநாள் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதே கொட்டிவிடலாம். சில வண்டிகளில் இந்தக் கண்ணாடியிலேயே ஆன்டெனா கம்பி அச்சாகியிருக்கும், அதற்கான இணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு நிறம். வெளிநாடுகளில் பின்பக்கத்துக்குக் கறுத்த 'ப்ரைவஸி' கண்ணாடி சகஜம். நம் மோட்டார் வாகன விதிப்படி பக்கவாட்டுக் கண்ணாடி குறைந்தது 50 சதவிகித வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், முன்னும் பின்னும் 70 சதவிகிதம். 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது பலருக்கும் நினைவிருக்கும். விலை மலிவு என்று கறுத்த கண்ணாடியை மாட்டினால், ஒரு பக்கம் மட்டும் கூலிங் கிளாஸ் போட்டது போல இருப்பதோடு, டிராபிக் போலீஸின் கண்ணையும் இழுக்கும்.

பேரம் கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் ஷோரூம் சொன்ன தொகையில் பாதிக்கும் கீழே வந்து நின்றது. கூடவே டிரைவர் பில் கேட்டார். பாய் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். புதுப்பேட்டையில் பொருள் வாங்குகிறவர்கள் விடக்கூடாத ஒன்று இந்தத் துண்டுக் காகிதம். திருட்டுப் பொருள் என்று பின்னால் ஏதாவது கிளம்பினால், வாங்கியவர் கையில் காட்ட வேறு எதுவும் இருக்காது.

பாக்கி இருந்தது யார் காசு என்ற கேள்வி. உரிமையாளருக்கு போன் போட்டார். கார் இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதித் தொகையைப் பிடிப்பார்கள், கண்ணாடிக்கு அந்தப் பிடித்தம் இல்லை. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி என்பதால் முதல் 2,000 ரூபாய் மட்டும் கையிலிருந்து போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு க்ளெய்ம் போட்டாலே, தனியாகப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, 'நோ க்ளெய்ம் போனஸ்' காலி. அது 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை ஏறும் சலுகை. இந்த விலை வண்டிக்கு அடுத்த வருட பிரீமியத்தில் அது பெரிய தொகை. எதிர்முனையில் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு, "க்ளெய்ம் வேண்டாம், வாங்கிடுங்க. நான் அனுப்பிடறேன்" என்றார். டிரைவர் தயங்கித் தயங்கி, "தோட்டக்கார ஐயா சம்பளம் சார்..." என்று இழுத்தார். "அவர்கிட்ட எதுக்குப் பிடிக்கணும்? செக்ரட்டரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாட்டுகிற வேலை மதியத்துக்கு மேல் ஒரு கூரைக்கு அடியில் நடந்தது. முதல் ஒரு மணி நேரம் கண்ணாடியையே தொடவில்லை. உள்பக்க பேனலைக் கழற்றி வேக்கும் கிளீனரைப் போட்டார் ஃபிட்டர். சீட் பெல்ட் சுருளும் இடம், ஸ்பீக்கர், டிக்கித் தரைக்கு அடியில் என்று எங்கெங்கிருந்தோ கற்கண்டு வந்துகொண்டே இருந்தது. அவசரப்பட்டு இதைத் தாண்டிவிட்டால், வண்டி ஓடும்போதெல்லாம் சலங்கை கட்டிய மாதிரி சத்தம் வருமாம்.

பிறகு பழைய பசையைச் சீவினார். முழுசாகச் சுரண்டவில்லை, ஓரிரு மில்லிமீட்டர் மெல்லிசாக விட்டுவைத்தார். புதுப் பசை பெயின்ட்டைவிட அதன் மேல்தான் நன்றாகப் பிடிக்கும். கத்தி பெயின்ட்டில் கீறினால் அங்கே துரு ஏறும் என்பதால் கை மெதுவாகவே போனது. பிரைமர் தடவி, காயவிட்டு, பாலியூரித்தேன் பசையை ஒரே சீராக முறுக்கு பிழிவதுபோல் சுற்றிலும் பிழிந்தார். நடுவில் இழை அறுந்தால் அந்த இடத்தில் தண்ணீர் கசியும். பல சொகுசு எஸ்.யூ.வி.களில் பேட்டரியே டிக்கிப் பக்கம்தான் இருக்கிறது. கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியே தூறல். இந்த ஈரத்தில் பசை காயுமா என்று டிரைவருக்குக் கவலை. ஃபிட்டர் சிரித்தார். ஒட்டும் இடம் மட்டும்தான் காய்ந்திருக்க வேண்டும். இந்த வகைப் பசை இறுகுவதே காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத்தான். சென்னைக் காற்றில் அதற்கா பஞ்சம்?

கண்ணாடியை உட்காரவைத்து, உள்ளங்கையால் அழுத்தி, நீல டேப் நான்கு துண்டுகள் ஒட்டியாயிற்று. இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, முன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் உள்ளே காற்று அழுத்தி கண்ணாடியைத் தள்ளாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டார்.

இருட்டும் நேரம் வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது வண்டி. கேட் அருகில் காத்திருந்த பெரியவர் முதலில் பார்த்தது டேப்பைத்தான்.

"இன்னும் ஒட்டலையா தம்பி?"

"ஒட்டியாச்சுங்கய்யா. நாளன்னைக்கு டேப்ப பிச்சிடலாம்."

பெரியவர் கிட்டே வந்து, கண்ணாடியைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.