அம்மாவின் சீட்டுக் கொப்பியும் ஒரு நிதிய முகாமையாளரும்

கடந்த பங்குனி மாதம் எமது சிறு சேமிப்புக் குழுவின் கூட்டம் முடிந்து பெண்கள் எல்லோரும் கலைந்து போன பிறகும் பொருளாளர் அக்கா மட்டும் பாயை விட்டு எழும்பவில்லை. காசுப் பெட்டியின் திறப்பையும் கணக்குக் கொப்பியையும் என் முன்னால் வைத்தார்.

“தங்கச்சி, இனி என்னால ஏலாது. வேற ஆரையும் பாருங்கோ.”

நான் பயந்துபோனேன். உடனே கொப்பியைப் புரட்டினேன். காசு குறையவில்லை. கணக்கும் பிழைக்கவில்லை. 22 பெண்கள் கிழமைக்கு 100 ரூபா வீதம் நான்கு வருடமாகச் சேர்த்த காசு நாலரை லட்சம். அதில் பெரும்பகுதி உள்கடனாக எமது பெண்களிடமே இருந்தது. எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது.

“பிறகேன் அக்கா?”

“இரவில நித்திரை இல்லைப் பிள்ளை. நாய் குரைச்சா எழும்பிப் போய்ப் பெட்டியைத் தடவிப் பாக்கிறன். மகள் வீட்டை போய் ரெண்டு நாள் நிக்கேலாமல் கிடக்கு. போன மாதம் ஒரு புதுச் சீலை உடுத்தனான். ‘சங்கக் காசோ’ எண்டு ஒராள் கேட்டா. பகிடிக்குத்தான் கேட்டவ. எண்டாலும்…”

அவரைப் பொருளாளராகத் தெரிவு செய்யும்படி கூட்டத்தில் முன்மொழிந்தவள் நான்தான். 2009 இல் கணவரை இழந்தவர், ஒருவரிடமும் கைநீட்டாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், நம்பிக்கையானவர் என்றெல்லாம் சொல்லித்தான் முன்மொழிந்தேன். அந்த நம்பிக்கையின் பேரில் பெட்டி, திறப்பு, கொப்பி மூன்றையும் ஒரே பெண்ணின் தலையில் ஏற்றியதைப் பற்றி நான்கு வருடமாக நான் யோசிக்கவே இல்லை. சமூகவியல் படித்தபோது பெண்களின் ஊதியமற்ற உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.

அன்றிரவு எனக்கு இரண்டு பேரின் நினைவு வந்தது. ஒருவர் என் அம்மா. மற்றவர் நான் ஒருநாளும் கண்டிராத அமெரிக்கர்.

அந்த அமெரிக்கரைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது என் பல்கலைக்கழகத் தோழி மூலம். அவள் கொழும்பில் ஒரு நிதியக் கொம்பனியில் வேலை செய்கிறாள். அமெரிக்காவில் ‘மியூச்சுவல் ஃபண்ட்’ என்று சொல்வதை எமது நாட்டில் ‘யுனிட் ட்ரஸ்ட்’ என்கிறார்கள். 1991 முதல் இங்கேயும் இருக்கிறது. பலர் போடும் காசை ஒன்றாகச் சேர்த்து, திறைசேரி உண்டியல்களிலும் கொம்பனிப் பங்குகளிலும் முதலிடுவார்கள். காசு போட்டவருக்கு அதற்கேற்ற அலகுகள் கிடைக்கும். எதை வாங்குவது, எதை விற்பது என்று தீர்மானிப்பவர்தான் நிதிய முகாமையாளர். காலை 9.30க்குப் பங்குச்சந்தை திறக்க முன்னரே அவளுடைய வேலை தொடங்கிவிடும். 2.30க்குச் சந்தை மூடிய பிறகு அன்றைய அலகு விலையைக் கணக்கிட வேண்டும். 2022 சித்திரை மாதம் நாட்டின் நெருக்கடியால் கொழும்புப் பங்குச்சந்தையை ஒரு கிழமை மூடி வைத்தார்களல்லவா, அந்தக் கிழமை முழுவதும் ஓய்வூதியக்காரர்கள் தொலைபேசியில் அழுததாகச் சொன்னாள். “அவையளுக்குச் சொல்ல என்னட்டை ஒரு பதிலும் இல்லையடி” என்றாள்.

அவள் தந்த புத்தகம்தான் பீற்றர் லிஞ்ச் 1989 இல் எழுதிய ‘வன் அப் ஒன் வோல் ஸ்ட்ரீட்’. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பங்கு வாங்க எனக்கு ஏது காசு? ஆனால் அந்த மனிதரின் பத்தாவது வயதைப் பற்றி அறிந்ததும் அவரை விட முடியவில்லை.

1944 இல் பிறந்தவர். பத்து வயதில் தகப்பன் புற்றுநோயால் இறந்துபோனார். தாய் வேலைக்குப் போகத் தொடங்கினார். பதினொரு வயதில் பையன் கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் பைகளைச் சுமக்கும் வேலைக்குப் போனான். சுமந்துகொண்டே அவர்கள் பேசும் பங்குக் கதைகளைக் கேட்டான். அப்படிப் பை சுமந்து கொடுத்தவர்களில் ஒருவர் பொஸ்டன் நகரத்து ஃபிடெலிற்றி என்ற நிதியக் கொம்பனியின் தலைவர். பின்னாளில் அங்கேயே வேலை கிடைத்தது.

எனக்கும் பத்து வயது. 2000 ஆம் ஆண்டு தென்மராட்சியில் நடந்த சண்டையில் ஷெல் பட்டு அப்பா போனார். நாங்கள் வடமராட்சிக்கு இடம்பெயர்ந்தோம்.

புத்தகத்தில் ஓரிடத்தில் நான் நின்றுவிட்டேன். மாணவனாக இருந்தபோது லிஞ்ச் சேமித்த காசில் ‘ஃப்ளையிங் டைகர்’ என்ற சரக்கு விமானக் கொம்பனியின் பங்குகளை வாங்கினார். ஒரு பங்கு 7 டொலர் அளவில். வியட்நாம் போர் பெருத்தது. அந்தக் கொம்பனி பசுபிக் கடலைத் தாண்டிப் படையினரையும் பொருட்களையும் ஏற்றி இறக்கியது. பங்கு விலை பல மடங்கு ஏறியது. அந்த இலாபம் அவரது மேற்படிப்புச் செலவுக்கு உதவியது. அவர் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகத்தான் எழுதியிருக்கிறார். என்றாலும் எனக்குப் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. தகப்பனில்லாத ஒரு பிள்ளை படிப்பதற்கு, வேறெங்கோ எத்தனையோ பிள்ளைகளின் தகப்பன்மாரைத் தின்ற போர் காசு கொடுத்திருக்கிறது. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

1977 இல் மகெலன் என்ற நிதியத்தை அவரிடம் கொடுத்தார்கள். அப்போது அதில் இருந்தது சுமார் 2 கோடி டொலர். 1990 இல் அவர் விட்டுப் போகும்போது சுமார் 1,400 கோடி டொலர். அந்த 13 வருடமும் சராசரியாக ஆண்டுக்கு 29 சதவீதம் வளர்ந்தது. காசு போட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஆசிரியர்கள், தாதிமார், ஓய்வுபெற்றவர்கள் என்று சாதாரண சனங்களும் நிறைய. ஆயிரத்துக்கு மேற்பட்ட கொம்பனிகளின் பங்குகளை வைத்திருந்தார். வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கொம்பனிகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பாராம். விடிய ஆறு மணிக்கே வீட்டை விட்டு வெளிக்கிடுவார், சனிக்கிழமையும் வேலை.

இவ்வளவு அலைந்தவருக்குக் கிடைத்த நல்ல முதலீடுகளில் ஒன்று வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. மனைவி கரோலின் பலசரக்குக் கடையிலிருந்து ஒரு காலுறை வாங்கி வந்தார். பெண்கள் இடுப்புவரை அணிகின்ற மெல்லிய காலுறை, முட்டை வடிவப் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வைத்து விற்றார்கள். ‘லெக்ஸ்’ என்று பெயர். அதுவரை அத்தகைய நல்ல காலுறைகளைப் பெரிய துணிக்கடைகளில்தான் வாங்க வேண்டியிருந்தது. பெண்கள் துணிக்கடைக்கு எப்போதாவதுதான் போவார்கள், பலசரக்குக் கடைக்குக் கிழமைதோறும் போவார்கள். கரோலினுக்கு அது பிடித்துப்போனது. லிஞ்ச் அதைச் செய்த ஹேன்ஸ் கொம்பனியை ஆராய்ந்து, பங்கு வாங்கினார். பெரும் இலாபம் வந்தது. பிறகு வேறொரு கொம்பனி போட்டிக்கு வந்தபோது, அந்தக் காலுறைகளை டசின் கணக்கில் வாங்கி அலுவலகத்தில் பகிர்ந்து கொடுத்து, எது நல்லது என்று விசாரித்தாராம். சந்தைக்குப் போகும் பெண்ணுக்குத் தெரிவது கோட் போட்டவர்களுக்குத் தெரியாது என்பதை ஒத்துக்கொண்ட மனிதர். கரோலினுக்கு அதற்காக என்ன கிடைத்தது என்று நான் தோழியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

1987 ஐப்பசியில் அவர் மனைவியோடு அயர்லாந்துக்கு விடுமுறையில் போயிருந்தார். அந்த மாதம் 19 ஆம் திகதி அமெரிக்கப் பங்குச்சந்தை ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அவர் அலுவலகத்தில் இருந்திருந்தாலும் விழுகிற விலையைக் கையால் தாங்கிப் பிடித்திருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் காசு போட்டவர்கள் தொலைபேசி எடுத்துக் கேட்கும்போது, அவர் கோல்ஃப் விளையாடப் போயிருக்கிறார் என்று பதில் போனால் எப்படியிருக்கும்? விடுமுறையைக் குறைத்துக்கொண்டு திரும்பினார். இதை வாசித்தது ஞாபகம் வந்தபோது, மகள் வீட்டில் இரண்டு நாள் நிற்க முடியாத எமது பொருளாளர் அக்காவைத்தான் நினைத்தேன்.

1990 வைகாசி 31 ஆம் திகதியுடன் லிஞ்ச் வேலையை விட்டார். வயது 46. அவரது தகப்பன் இறந்தபோதும் அதே வயதுதான். மூன்று மகள்மார் வளர்ந்துகொண்டிருந்தார்கள். இனி அவர்களோடு இருக்க வேண்டும் என்று போய்விட்டார். நல்ல முடிவுதான். ஆனால் அவருக்கு விட முடிந்தது. பத்து வயதுப் பிள்ளையோடு வேலைக்குப் போகத் தொடங்கிய அவருடைய தாய்க்கு அது முடிந்திருக்காது.

இன்னுமொரு வித்தியாசத்தைத் தோழிதான் விளங்கப்படுத்தினாள். யுனிட் ட்ரஸ்டில் தீர்மானிப்பவர் கையில் காசு இருக்காது. காசும் பத்திரங்களும் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட ஒரு வங்கியின் பொறுப்பில் இருக்கும். முகாமையாளர் வாங்கச் சொல்லலாம், விற்கச் சொல்லலாம், எடுத்துக்கொண்டு போக முடியாது. கணக்கை வேறொருவர் பரிசோதிப்பார். நிதியம் ஏறினாலும் இறங்கினாலும் முகாமைக் கட்டணம் கொம்பனிக்கு வந்துகொண்டே இருக்கும். “நட்டம் வந்தா நாங்கள் எங்கட தோட்டைக் கழட்டிக் குடுக்கத் தேவையில்லை” என்றாள்.

என் அம்மா கழற்றிக் கொடுத்தார்.

2003 இல் வடமராட்சியில் அம்மா சீட்டுப் பிடிக்கத் தொடங்கினார். 20 பெண்கள், மாதம் 500 ரூபா. முதற் சீட்டு பிடிப்பவருக்கு என்ற வழக்கப்படி கிடைத்த 10,000 ரூபாவில் பழைய தையல் மெசின் ஒன்று வாங்கினார். நான் படித்தது அந்த மெசினால்தான். 2006 பங்குனியில் புதுச் சீட்டொன்று தொடங்கியது. ஐந்தாவது சீட்டை ஆடி மாதம் ஒரு அன்ரி எடுத்தார். ஓகஸ்ற் முதற் கிழமை கிளிநொச்சியில் இருந்த தன் அக்காவைப் பார்க்கப் போனார். 11 ஆம் திகதி ஏ9 பாதை மூடப்பட்டது. அவர் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

மிச்சம் 15 தவணை, 7,500 ரூபா. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். எல்லோருக்கும் காசு தேவை. ஊரடங்கினால் அந்த மாதச் சீட்டு பிந்தியதே தவிர, நிற்கவில்லை. அம்மாவின் காதில் தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சி இருந்ததை நான் கவனித்தேன். கேட்டபோது காது புண் என்றார். எனக்குப் பதினாறு வயது, நம்பிவிட்டேன்.

அன்ரி 2011 தை மாதம் வந்தார். வன்னியில் கணவரை இழந்து, மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்திருந்தார். வாசலில் நின்றபடியே, “கொப்பியை எடுங்கோ அக்கா, நான் எவ்வளவு தரவேணும்?” என்று கேட்டார். அம்மா கொப்பியை எடுத்து விரித்தார். அன்ரியின் பெயருக்கு நேரே 20 கட்டங்களிலும் சரி போடப்பட்டிருந்தது. “நீ கட்டி முடிச்சிட்டாய், பார்” என்றார். அன்ரி விரலால் ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். பிறகு சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து 500 ரூபாவை மெசின் மேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். 15 மாதமும் வந்தார். ஏன் வாங்குகிறீர்கள் என்று நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். “வாங்காட்டி அவள் என்னைப் பாக்க வரமாட்டாள்” என்றார்.

இந்தக் கதையையும் லிஞ்ச் கதையையும் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, இரண்டு பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர எழும்பிப் போய்விட்டார்கள். ஆபிரிக்காவில் நைஜர் நாட்டில் 1991 இல் கெயார் நிறுவனம் பெண்களோடு தொடங்கிய சேமிப்புக் குழு முறையைப் பற்றியும் சொன்னேன். அந்த வழியில் வந்த குழுக்களில் பெட்டிக்கு மூன்று பூட்டு, திறப்புகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். எல்லோர் முன்னிலையிலும்தான் திறப்பார்கள், எண்ணுவார்கள். அது உடனே பிடித்துப்போனது. “உதை முதலே சொல்லியிருக்கலாமே” என்று ஒரு அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பொருளாளருக்கு மாதம் ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதைத்தான் ஏற்கவில்லை. “சங்க வேலைக்கும் சம்பளமோ?” என்றார்கள். பொருளாளர் அக்காவே வேண்டாம் என்றார். நான் விடப்போவதில்லை, அடுத்த பொதுக்கூட்டத்தில் திரும்பவும் கேட்பேன்.

இப்போது கொப்பி மட்டும் அக்காவிடம் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் உரத்து வாசிக்கிறார். சென்ற கிழமை மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தார். பேரப்பிள்ளைக்குப் பல்லு முளைத்திருக்கிறதாம்.