இடது மெல்லினம், வலது வல்லினம்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்காசிக்குள் இறங்கும் காற்றைக் குற்றாலத்துக்கு வருவோர் சாரலோடு சேர்த்துக் கொண்டாடுவார்கள். பாவூர்சத்திரத்துக்கு அப்பால் பாடம் முடித்து, மாலையில் மேற்கு நோக்கி 16 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வீடு திரும்புகிறவனுக்கு அந்தக் காற்றின் பொருள் வேறு. சர்க்கரைக்கு அஞ்சிச் சென்ற ஆண்டு அப்பாவின் பழைய சைக்கிளில் முயன்றேன். மூன்றாம் நாள், ஏற்றமே இல்லாத சாலையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

நான் கௌரவ விரிவுரையாளன். மாதம் 25,000 ரூபாய். மே மாதத்துக்கு அதுவும் இல்லை. (கௌரவம் பன்னிரண்டு மாதமும் உண்டு.) அந்த மே மாதத்துக்கென ஒதுக்கி வைத்த பணத்தில்தான் ரோடு பைக் வாங்கத் துணிந்தேன். மனைவி, "மே மாசம் என்னங்க செய்யப்போறோம்?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பலமுறை கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திருநெல்வேலிக் கடையில் என் கைக்கு எட்டியவை இரண்டு. 27,000 ரூபாய்க்குப் புதியது. ஷிமானோவின் டூர்னி வகைக் கியர், பின்னால் ஏழு பற்சக்கரங்கள், பெரியதில் 28 பற்கள். 30,000 ரூபாய்க்குப் பழையது. கிளாரிஸ் வகை, பின்னால் எட்டு, பெரியதில் 32 பற்கள். முன்சக்கரங்கள் இரண்டிலும் 50, 34 பற்கள். ஆக, பழையதன் மிக லேசான கியர் புதியதைவிட எட்டில் ஒரு பங்கு லேசு. புதியதன் பளபளப்பில் என் மனம் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைத் திணறடித்தது லிவர். இரண்டிலும் பிரேக் பிடியை உட்புறமாகத் தள்ளினால் கியர் மாறும். திரும்ப மாற்ற ஒரு சிறிய லிவர். வலப்பக்கம் சிறியதை அழுத்தினால் மிதி கனத்தது. இடப்பக்கம் சிறியதை அழுத்தினால் லேசானது. ஒரே செயல், எதிரெதிர் பொருள்! கடைத் தம்பி மூன்றாம் முறையாகப் பொறுமையுடன் சொன்னான்: "சார், ரெண்டு பக்கமும் ஒரே வேலதான். பெருசு வயர இழுக்கும், சின்னது வயர விட்டுரும். விட்டா ஸ்பிரிங்கு செயின சின்னச் சக்கரத்துக்குக் கொண்டுபோயிரும். பின்னாடி சின்னதுன்னா கட்டி, முன்னாடி சின்னதுன்னா லேசு."

வேற்றுமை உருபு மயக்கம் நடத்துகையில் கடைசி வரிசை மாணவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் என் முகம் அப்போது இருந்திருக்கும். பிறகு பிடிபட்டது. இடது சிறிய லிவர் மெல்லினம். வலது சிறிய லிவர் வல்லினம். தம்பி சிரித்தான், புரிந்ததா தெரியவில்லை.

இவ்வசதி எளிதில் வந்ததன்று. டூர் தெ பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றும் கருவியை 1937-இல்தான் அனுமதித்தது. பின்னும் பல்லாண்டுகள் லிவர் சைக்கிளின் சட்டத்திலேயே இருந்தது. மாற்ற ஒரு கையைப் பிடியிலிருந்து எடுக்க வேண்டும். பிரேக்கோடு அதை இணைத்து ஷிமானோ 1990-இல் வெளியிட்டது.

முடிவு செய்ய உதவியது காற்றுதான். எதிர்காற்றில் வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பற்றிக் குனிந்தால்தான் நகர முடியும். டூர்னியில் சிறிய லிவர், பிடியின் உட்பக்கம் கட்டைவிரலுக்கான பொத்தானாக இருக்கிறது. குனிந்த நிலையில் என் கட்டைவிரல் அதை எட்டவில்லை. கிளாரிஸில் அது பிரேக் பிடிக்குப் பின்னாலேயே நிற்கிறது. விரல் தானே போய்த் தொடுகிறது. கூடுதல் 3,000 ரூபாய்க்கு நண்பரொருவரிடம் கடன் சொன்னேன். கடையில் நின்று பாராமல் விளம்பரத்தை நம்பி வாங்கியிருந்தால் பளபளப்பையே வாங்கியிருப்பேன்.

மே மாதம் எப்படியோ கழிந்தது. மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இன்னும் பாக்கி. ஆனி பிறந்த முதல் வாரம், பாவூர்சத்திரம் தாண்டியதும் காற்று மோதியது. பதற்றத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டு இரு சிறிய லிவர்களையும் ஒருசேர அழுத்தித் தொலைத்தேன். மீண்டும் மிதித்ததும் செயின் கழன்றது. சாலையோரம் மாட்டி, கரிய கைகளோடு ஏறி, இம்முறை மிதித்தபடியே வலப்பக்கப் பெரியதை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். 34-க்கு 32. நடப்பதைவிடச் சற்றே வேகம். வீடு வரை இறங்கவில்லை.

வாசலில் மனைவி கைகளைப் பார்த்தாள். "தள்ளிக்கிட்டா வந்தீங்க?" என்றாள்.

"இல்லை" என்றேன்.