றோட்டரைக் கழட்டியாச்சோ?

வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயாவது கிளம்பும்போது எல்லா வீட்டிலும் "காஸ் மூடியாச்சோ?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்பது, "றோட்டரைக் கழட்டியாச்சோ?"

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். நாங்கள் மூன்று பிள்ளைகள், அம்மா, அப்பா, ஒரு மொறிஸ் மைனர். 1959 மொடல், 948 சிசி, இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ'. அந்த ஒரு எழுத்துக்காக 1958இல் நடந்த போராட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். துறைமுகத்தில் கிளாக்காக இருந்த அப்பப்பா வாங்கிய கார் இது.

இந்தக் காரைக் களவெடுப்பது பெரிய வேலையே இல்லை. ஸ்ரியறிங் பூட்டு கிடையாது. திறப்பைத் திருப்பி ஒரு குமிழை இழுத்தால் ஸ்ராட் ஆகும். திறப்பு இல்லாவிட்டாலும் இரண்டு வயரைத் தொடுத்தால் போதும். அதனால்தான் றோட்டர். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினால் உள்ளே விரல் மொத்தத்தில் சின்னத் துண்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதை எடுத்துப் பொக்கற்றில் போட்டுவிட்டால் கார் வெறும் தகரம். ஜேர்மன்காரன் வந்து இறங்கிவிடுவான் என்று பயந்து, ஆளில்லாமல் நிற்கும் கார்களை இப்படி முடக்கி வைக்கச் சொல்லி 1940இல் பிரித்தானியாவில் சட்டமே போட்டார்கள். அப்பப்பாவுக்கு அது தெரிந்திருக்குமோ தெரியாது. ஆனால் 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி, ஊரைவிட்டு ஓடும்போது அவர் எடுத்துக்கொண்டது காணி உறுதி, அப்பம்மாவின் தாலிக்கொடி, றோட்டர்.

றோட்டர் படகில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. வளவில் காருக்கு நான்கு ரயரும் இல்லை, பற்றரி இல்லை, சீற்றும் இல்லை. ஆனால் கார் இருந்தது. "ஓட்டிக்கொண்டு போக ஏலாமத்தான் விட்டுட்டுப் போயிருக்கிறாங்கள்" என்று அப்பா இன்றைக்கும் சொல்வார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய காருக்கெல்லாம் விலை ஏறியது. கொழும்பிலிருந்து வந்து "குடுக்கிறீங்களோ?" என்று கேட்டவர்களும் உண்டு. பிறகு 2022. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99. எங்கள் வீட்டில் கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் தாங்கி மூடி நிலத்தில் கிடக்குது, பக்கத்தில் ஒரு முழப் பிளாஸ்ரிக் குழாய். றோட்டர் காரைக் காக்கும், பெற்றோலைக் காக்காதே!

அன்றிலிருந்து அப்பா மாறிவிட்டார். படலைக்கு இரண்டு பூட்டு. சில்லுக்குச் சங்கிலி, ஸ்ரியறிங்குக்கு இன்னொரு சங்கிலி. பெற்றோல் தாங்கிக்குப் பூட்டு மூடி. இரவில் பற்றரி வீட்டுக்குள். முன்பெல்லாம் படலை திறந்திருந்தால் மான்தான் உள்ளே வந்து அம்மாவின் செவ்வரத்தையைத் தின்னும். இப்போது மானும் வெளியே, நாங்களும் உள்ளே.

யூலையில் ஒரு இரவு, முன்வீட்டு அண்ணா படலையைத் தட்டினார். "தம்பி, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ஓட்டோ ஒண்டும் இல்லை."

பற்றரியைக் கொண்டு ஓடினோம். றோட்டரைப் போட்டோம். ஸ்ரியறிங் சங்கிலி கழன்றது. சில்லுச் சங்கிலியின் பூட்டு கழரவில்லை. துறைமுகத்து உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டிருந்தது. திறப்பு பாதியில் நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் விட்டோம், சுத்தியலால் தட்டினோம். கடைசியில் இரும்பு வாளால் அறுத்தோம். இருபது நிமிடம். அப்பா அறுக்க அறுக்க ஆச்சி திண்ணையில் இருந்து மூச்செடுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பாவின் கை நடுங்கியது.

ஆச்சி பிழைத்துவிட்டா. அவவைச் சேர்த்துவிட்டு வரும்போது அப்பா காருக்குள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு சங்கிலியையும் எடுத்து கிணற்றடியில் எறிந்தார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்டால் இப்போது நாங்கள் சொல்வது கொஞ்சம்தான். றோட்டரைக் கழட்டுங்கள். பற்றரி வயரில் ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள், அது பற்றரிக்கும் நல்லது. தாங்கிக்குப் பூட்டு மூடி வேண்டும். செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், பதிவுப் புத்தகம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். களவு போனால் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான். எந்தப் பூட்டையும் மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் திறந்து பாருங்கள். அவசரத்துக்கு உங்களால் இரண்டு நிமிடத்தில் கிளப்ப முடியாத காரை நீங்கள் காக்கவில்லை, ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பெற்றோலை யார் எடுத்தது என்று நாங்கள் தேடவில்லை. அந்த மாதம் ஒழுங்கையில் எல்லோருக்கும் தேவை இருந்தது.

றோட்டர் இருக்கும் இடம் இப்போது முன்வீட்டு அண்ணாவுக்கும் தெரியும், ஆச்சிக்கும் தெரியும். அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று இங்கே மட்டும் எழுதமாட்டோம்.