ஜின்களுக்கு ஒரு மனு

பேய், பிசாசு என்றால் சிறு பிராயத்தில் எனக்குப் பயம். பி.ஏ. பட்டம் பெற்ற பிறகு அந்தப் பயத்தைப் பரிகாசமாக மாற்றிக்கொண்டேன். சென்ற கோடை விடுமுறையில் தில்லிக்குப் போயிருந்தபோது, அந்தப் பரிகாசத்துடனேயே ஒரு வியாழக்கிழமை மாலை பிரோஸ் ஷா கோட்லாவுக்குள் நுழைந்தேன். "நாலு பேர் கும்பிடும் இடம், வாயை வைத்துக்கொண்டு சும்மா வாருங்கள்" என்று என் மனைவி எச்சரித்தாள்.

ஸுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் 1354-ல் நிர்மாணிக்கத் தொடங்கிய நகரின் கோட்டை அது. இன்று இடிந்த சுவர்களும் புல்தரைகளும் கொண்ட பூங்காவாக இருக்கிறது. அங்கே ஜின்கள் வசிப்பதாக ஜனங்கள் நம்புகிறார்கள். வியாழன்தோறும் நிலவறைகளில் விளக்கேற்றி, ஊதுவத்தி கொளுத்தி, தங்கள் குறைகளை மனுவாக எழுதி மாடங்களில் வைக்கிறார்கள். நெருக்கடி நிலை முடிந்த 1977-ஆம் வருஷத்தை ஒட்டித்தான் இக்கூட்டம் பெருகலாயிற்று என்பர் ஆராய்ச்சியாளர். பழைய தில்லியில் வீடுகள் இடிக்கப்பட்டு, முறையிட இடமின்றி ஜனங்கள் தவித்திருந்த காலம் அது.

புகை மண்டிய ஓர் அறையில், முதியவள் ஒருத்தி ஒரே மனுவின் நகல்களை மாடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், "ஒன்று போதாதா, மாஜி?" என்றேன்.

"எந்த ஜின் எந்த இலாகாவைப் பார்க்கிறதோ, யார் கண்டது, பாபுஜி?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அடுக்குக் கட்டடத்தின் உச்சியில் அசோகருடைய கற்றூண் நின்றது. தோப்ரா கிராமத்திலிருந்து அதை இலவம்பஞ்சில் பொதிந்து, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு வழியே கொண்டுவரச் செய்தான் ஸுல்தான். அதிலுள்ள எழுத்தை அன்று படிப்பாரில்லை. 1837-ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் வாசித்தார். கைதேர்ந்த செவிலியிடம் குழந்தையை ஒப்படைத்தவர் நிம்மதியாக இருப்பதுபோல், ஜனங்களின் க்ஷேமத்துக்காக அதிகாரிகளை நியமித்திருப்பதாக அசோகர் அதில் சொல்கிறார். அந்தச் செவிலியைத் தேடிக் காணாதவர்கள் அல்லவா, தூணின் காலடியில் ஜின்களைத் தேடுகிறார்கள்!

அப்போது எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாவின் முகம் நினைவுக்கு வந்தது. விதவை உதவித் தொகைக்கு ஒரு மனு எழுதித் தரும்படி இரண்டு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நாளைக்கு ஆகட்டும்" என்றே நானும் சொல்லிவந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஜின்கூட, கொண்டுவந்த மனுவை நாளைக்கு என்று திருப்பி அனுப்புவதில்லை.

ஊர் திரும்பிய இரவே, பெட்டியைக்கூடத் திறக்காமல் மேஜை முன் உட்கார்ந்தேன்.

"ஏதாவது ஜின் பிடித்துக்கொண்டதா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமாம்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன்.