பெயர் மறைத்த பேச்சு

பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பகுதியிலே கிளோக்கன் ஒரு கதை கூறுகின்றான். லிடியா நாட்டு இடையனொருவனுக்கு, அணிந்தவனைப் பிறர் கண்ணினின்று மறைக்கும் கணையாழியொன்று கிடைக்கின்றது. அவன் அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைக்கொள்கின்றான். காண்பாரில்லாதவிடத்து நீதியைப் பேணுவார் எவருமிலர் என்பதே கிளோக்கன் முன்வைக்கும் வாதம்.

இணையவழிப் பெயரிலா அரட்டைகள் அக்கணையாழியை யாவர்க்கும் வழங்கிவிட்டன. 2009இல் 18 வயது அமெரிக்க இளைஞரொருவர் தொடங்கிய ஒமேகிள், அறிமுகமற்ற இருவரைப் பெயரின்றி உரையாடவைத்தது. சிறுமியாயிருந்த காலத்தில் அதன்வழியே கொடியவனொருவனிடம் அகப்பட்ட பெண்ணொருத்தி தொடுத்த வழக்கு இணக்கத்தில் முடிந்ததையடுத்து, 2023 நவம்பரில் அது மூடப்பட்டது. இவற்றைக் கொண்டு கிளோக்கனே வென்றான் எனத் தீர்ப்பளித்துவிடலாம். ஆயின், விடுதியொன்றிலே மாணவர் சிலர் கூடி விவாதித்த சிக்கல் அத்தீர்ப்பை அத்துணை இலகுவில் ஏற்கவிடுவதன்று.

சிக்கல் இதுதான். பெயரிலா அரட்டைக் குழுவொன்றிலே புதுமுக மாணவனொருவன் தான் பட்ட பகிடிவதையை எழுதுகின்றான். எவருக்கும் சொல்லவேண்டாமென இரக்கின்றான். வாசித்தோருள் ஒருத்தி, அவன் கையாண்ட ஊர்வழக்குச் சொல்லொன்றினால் அவனை இனங்கண்டுகொள்கின்றாள். அவள் செய்யத்தக்கது யாது?

சட்டம் பயிலும் மாணவனுக்கு ஐயமே எழவில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியுள்ளது. அறிந்தும் வாளாவிருப்பது கொடுமைக்குத் துணைபோவதேயாம் என்றான். (சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பகிடிவதை ஒழியவில்லை என்பதை அவனுக்கு நினைவூட்ட எவரும் தவறவில்லை.) மெய்யியல் மாணவி மறுத்தாள். பெயரில்லை என்ற உறுதியினாலேயே அவன் வாய்திறந்தான்; அவ்வுறுதி ஒருமுறை குலைந்தால் அடுத்தவன் திறவான். 1974இல் தொடங்கிய இலங்கை சுமித்திரயோவிலே துயருறுவோர் தம் பெயரைச் சொல்லாமலே பேசலாம் என்பதை அவள் எடுத்துக்காட்டினாள். தீயோனுக்குத் திரையாகும் அதே மறைப்பு நலிந்தோனுக்குக் கூரையாகின்றது. கிளோக்கனின் கதையிலே இவ்விரண்டாமவனுக்கு இடமேயில்லை.

விவாதத்தை வேறு திசைக்குத் திருப்பியவன் அதுவரை பேசாதிருந்த ஒருவன். இப்போது கணையாழி யார் கையிலுள்ளது என்று வினவினான். எழுதியவன் தான் மறைந்திருப்பதாக எண்ணுகின்றான். ஆனால் அவனை அவள் காண்கின்றாள். விரிவுரை மண்டபத்திலே நாடோறும் அவனோடு முகமன் உரைக்கின்றாள். அவள் அறிவாள் என்பதை அவன் அறியான். ஆகவே மறைந்திருப்பவள் அவளே.

இக்கூற்றின் பின்னர், அவனறியாமல் எவரிடமும் முறையிடலாகாது என்பதிற் பெரும்பாலோர் உடன்பட்டனர். முதலில் அவனுக்கே, அதே அரட்டையிலே, தான் இனங்கண்டதை அவள் தெரிவிக்கவேண்டும். அவன் அஞ்சி அகன்றுவிட்டால், இருந்த ஒரே வாயிலும் அடைபடுமே என்றாள் மெய்யியல் மாணவி. அதே ஊரவன் வேறொருவனாகவும் இருக்கலாமன்றோ என்றான் இன்னொருவன். உயிருக்கு ஆபத்தெனின் இவ்வரம்பு பொருந்தாது என்பதை எல்லாரும் ஒப்பினர். நான்கு வரி எழுத்தைக் கொண்டு அதனை எங்ஙனம் துணிவது என்பதை ஒருவராலும் கூறமுடியவில்லை.

இறுதியில், அவள் எழுதவேண்டிய வாக்கியத்தைத் தாளொன்றில் வரைய முயன்றனர். "நீ யாரெனத் தெரியும்" என்ற தொடக்கம் மிரட்டலாகத் தோன்றவே வெட்டப்பட்டது. "நானும் உன் வகுப்பிற்றான் இருக்கின்றேன்" என்பது எஞ்சியது. அதன் கீழே அவள் தன் பெயரை இடவேண்டுமா என்பதிலே மீண்டும் வாதம் மூண்டது.