பாதியில் நின்ற பக்குவங்கள்

அம்மாவின் சமையல் நோட்டு உண்மையில் அண்ணன் மகளின் பழைய கணக்கு நோட்டு. முன்பக்கம் வகுத்தல் கணக்கு. தலைகீழாகத் திருப்பினால் குழம்பும் வறுவலும். எண்ணெய் பட்டுப் பட்டுச் சில தாள்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. ஒரு பக்கத்துப் பூண்டு அடுத்த பக்கத்திலும் தெரியும்.

போன மாதம் பரணை ஒழித்தபோது கையில் சிக்கியது. புரட்டினால் பாதிக்கு மேல் அரைகுறை. 'சோம்பு தாளித்து வெங்காயம் வதக்கி' என்று ஒன்று நிற்கிறது. 'கோழியைப் போட்டு மூடி' என்று இன்னொன்று. மூடியதை அப்புறம் யாரும் திறக்கவில்லை.

எல்லாம் கரன்ட் செய்த வேலை. 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் சின்னமனூர்ப் பக்கம் ஒரு மணி நேரம் இருந்தால் மறு மணி நேரம் இருக்காது. சன் டிவியில் 'ஆஹா என்ன ருசி' வரும் நாளில் அம்மா வேலையையெல்லாம் முன்னதாக முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாள். அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. செஃப் ஜேக்கப் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். எண்ணெய் காயும், கடுகு வெடிக்கும், பெட்டி அணைந்துவிடும்.

அம்மாவுக்கு அவர் செஃப் எல்லாம் இல்லை. "நம்ம உத்தமபாளையத்துப் பிள்ளை." ஜேக்கப் சகாயகுமார் அருணிக்கு அதுதான் சொந்த ஊர், எங்களுக்குப் பக்கத்து ஊர். "ஏப்பா, மெதுவாச் சொல்லு, எழுத வேணாமா?" என்று பெட்டியைப் பார்த்துக் கடிந்துகொள்வாள். விருந்துக்கு வந்த அக்கா மகனிடம் பேசுகிற அதே குரல். 24 மணி நேரம் விடாமல் நின்று 485 வகை சமைத்துக் கின்னஸில் ஏறியவர் அவர் என்று ஒருநாள் சொன்னேன். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது: "அம்புட்டுப் பாத்திரத்தையும் யாருடா கழுவுனா?"

டிவியில் சமைப்பவர்கள் அப்போதே நிறையப் பேர். பலருடைய அடுப்பு மேடையைப் பார்த்தால் நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஜேக்கப் பெரிய ஓட்டல்களில் தொழில் பார்த்தவர்தான். ஆனாலும் நம் ஊர்ப்பக்கத்துப் பழைய பக்குவங்களைத் தேடிப் போனார். அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். தனக்குத் தெரிந்த ஒன்றை அவர் செய்யும்போதுதான் அவள் இன்னும் கவனமாகப் பார்த்தாள். மசாலாவை மட்டும் அம்மியில்தான் அரைப்பாள். இலவச மிக்சி அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் கிடந்தது. கரன்ட் இல்லாத ஊரில் அதற்கு என்ன வேலை?

2012 நவம்பர் 4, ஞாயிறு. பக்கத்து வீட்டு அக்காதான் வந்து சொன்னார். ஜேக்கப் இறந்துவிட்டாராம், மாரடைப்பாம். அம்மா நம்பவில்லை. "வேற யாராவது இருக்கும், நல்லாக் கேட்டியா?" டிவியைப் போடவும் வழியில்லை. கரன்ட் வந்ததும் திரையின் அடியில் ஓடிய எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். வயது 38.

"உங்கண்ணன் வயசுடா" என்றாள்.

காலையில் எடுத்துவைத்த கறி இருந்தது. அம்மிப் பக்கம் போகவே இல்லை. மஞ்சளும் உப்பும் போட்டு வெறுமனே வேகவைத்து இறக்கினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா போயும் ஆறு வருடம் ஆகிறது. கோழியை மூடிவைத்த அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் எழுத்துக்கு அடியில் பின்பக்கத்திலிருந்து நீலமாக ஏதோ கசிந்து தெரிந்தது. திருப்பினேன். எப்போது எழுதினாளோ, பேனாவில் ஒரே ஒரு வரி:

'மிச்சம் நம்ம வழக்கம்போல.'