தன்மை ஒருமை

இடது தொடையின் வெளிப்புறம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வலி. ஞாயிறு இரவு நானே போட்டுக்கொண்ட ஊசி. திங்களும் செவ்வாயும் வங்கியில் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "வாயுப் பிடிப்பா, ஸார்?" என்றார் பக்கத்துக் கவுன்டர்க்காரர். அங்கே நான் ஸார் ஆகி ஆறு மாதம் ஆகிறது. முகத்துவாரக்குப்பத்தில் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

இதற்கு முன் எல்லா ஊசியும் வேறு கைகள் போட்டவை. ஒரு மருந்தகத்தில் சீட்டை நீட்டியபோது, "உங்க வீட்டுக்காரருக்கா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்கள். டாக்டரிடம் சொன்னேன். நர்ஸை அழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டார்.

டெஸ்டோஸ்டிரோனை 1935இல் ஆம்ஸ்டர்டாமில் காளையின் விதைகளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே வருஷம் அதைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டிய புடெனான்ட், ருஸிக்கா இருவருக்கும் 1939இல் நோபல் பரிசு. எனக்கு எழுதித் தந்திருப்பது நாலு எஸ்டர்கள் சேர்ந்த 250 மில்லிகிராம், 1 மில்லிலிட்டர் கடலை எண்ணெயில். எங்கள் வீட்டு அடுப்பில் ரேஷன் பாமாயில். எனக்குள் மட்டும் கடலை எண்ணெய். எண்ணெய் சதைக்குள் தங்கி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. வலியில் பெரும் பங்கு எண்ணெயினுடையது, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்றார் டாக்டர். சிவந்து, சுட்டு, ஜுரம் வந்தால்தான் ஓடி வர வேண்டும். மணிக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுடவில்லை. சுடுகிற மாதிரி இருந்தது.

ஆம்ப்யூலை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கினேன். பருத்த ஊசியால் உறிஞ்சி, மெல்லிய ஊசியை மாற்றி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். எல்லாம் வரிசையாக நடந்தது. அப்புறம் கை நின்றுவிட்டது. தோலுக்கு ஓரங்குலம் மேலே இருபது நிமிஷம் நின்றது. கம்பவுண்டர் போட்டபோது அது எனக்கு நேர்கிற ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். இப்போதோ கடித்துக்கொண்டிருப்பவனும் குத்த வேண்டியவனும் ஒரே ஆள். கவிதை விமர்சனத்தில் 'அனுபவம்' என்ற சொல்லைப் பத்து வருஷமாக வாரி இறைத்திருக்கிறேன். இனி கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

குத்தியது வலிக்கவேயில்லை. எண்ணெய் இறங்கியதுதான் தெரிந்தது. ஊசியை ஒரு டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் உடம்பு முழுக்க நடுக்கம்.

மைக்கேல் டில்லன் என்ற பிரிட்டிஷ்காரர் ஞாபகத்துக்கு வந்தார். பெண் என்று பதிவானவர். 1939இல் டெஸ்டோஸ்டிரோன் சாப்பிடத் தொடங்கினார். அவருக்கு மாத்திரை, கொடுத்துவைத்தவர். டாக்டராகிக் கப்பலில் வேலை பார்த்தார். 1958இல் பத்திரிகைகள் அவரைத் தோலுரித்தன. இந்தியாவுக்கு வந்து, திபெத்திய பௌத்தத்தில் இளம் துறவியாகி, 1962இல் டல்ஹௌஸியில் இறந்தார். அவருடைய சுயசரிதை அச்சேற 2016 ஆயிற்று. எங்கள் கரையிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்களின் விளக்குகள் தெரியும். அவற்றில் ஒன்றில் ஏறிப் போய்விடலாம் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் வங்கி எழுத்தனுக்கு மாற்றல்தான் கிடைக்கும், மறைவு கிடைக்காது.

டில்லன் இங்கிலீஷில் எழுதினார். 'நான்' என்றால் ஆணா பெண்ணா என்று அந்த மொழி கேட்பதில்லை. தமிழிலும் தன்மைக்குப் பால் கிடையாது. வந்தேன், போட்டுக்கொண்டேன், வலிக்கிறது. கட்டுரை முழுக்க நான் பத்திரம். சிக்கல் படர்க்கையில் வருகிறது. வீட்டில் அதற்கும் முன்னாலேயே, டி, டா என்ற ஓரெழுத்தில் வந்துவிடுகிறது. பாலின அடையாளத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓரெழுத்து விஷயத்தில் அம்மாவுக்கு எந்தத் தீர்ப்பும் எட்டவில்லை. மூன்று மாதமாக அவள் இரண்டையும் விட்டுவிட்டாள். "சாப்பிடு." "வெளக்கை அணை." வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். திட்டும்போதுகூட அதைத் தாண்டிப் போய்விடுகிறாள்.

செவ்வாய் ராத்திரி நொண்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு காலுக்கு?"

சொன்னேன். எண்ணெய் என்றதும் முகம் மாறியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோடு இறங்கிய எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் படிந்தபோது, படகையும் வலையையும் சுரண்டிய கைகள் அவளுடையவை.

"உள்ளாற போன எண்ணெ வெளிய வருமா?"

"மூணு வாரத்துல கரைஞ்சிடும்மா. அப்புறம் மறுபடி போடணும்."

"யாரு போடறது?"

"நான்தான்."

பதில் சொல்லாமல் உள்ளே போனாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து எடுத்துவந்தாள். "திரும்பு" என்றாள். சூடு அதிகம். பொறுத்துக்கொண்டேன். எந்தக் கிழமை என்று கேட்டாள். ஞாயிறு, வலது கால் என்றேன்.

"அன்னிக்கு நான் ஊட்லதான் இருப்பேன்" என்றாள்.